வெள்ளம் வடிந்த பிறகு: ஒரு கிளி, ஒரு கூடை மண், மூன்று வெள்ளங்கள்

2018 ஆகஸ்ட் மூன்றாம் வாரம். பெங்களூரில் காலை காபியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா போன் பண்ணினார்.

"கொள்ளிடம் பழைய பாலம் விழுந்துடுச்சுடா. டிவியில காட்டுறான் பாரு."

1928இல் கட்டிய இரும்புப் பாலம் அது. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு வண்டிகள் போவதில்லை, காலையில் வாக்கிங் போகிறவர்கள்தான் போவார்கள். சின்ன வயதில் சமயபுரம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்த இரும்புச் சட்டங்களை எண்ணிக்கொண்டே போவேன். ஒரு தடவைகூடக் கணக்கு சரியாக வந்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின.

புதுப் பாலத்தின் மேல் திருவிழாக் கூட்டம். சுண்டல் விற்கிறார்கள், செல்பி எடுக்கிறார்கள். நடுவில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, சின்னப் பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றி ஆற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். காற்றில் அது அணைந்து அணைந்து போகிறது. மறுபடி ஏற்றுகிறார். ஆற்றோரத்தில் வீடு, இரண்டு நாளாகப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்களாம்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயம் இருக்கு சார். அதுக்குத்தானே காட்டுறேன்" என்றார்.

இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளை அன்றிலிருந்துதான் சேர்க்க ஆரம்பித்தேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால், அதை நிமிர்த்திய பிறகு உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். என்ன உடைந்தது, யார் சரி செய்தார்கள், அடுத்த தடவை உடையாமலிருக்க என்ன செய்யப் போகிறோம். அதே மூன்று கேள்விகளை எங்க ஊர் வெள்ளங்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. பேரிடருக்குப் பிறகு மக்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது, ஒற்றுமை வருகிறது என்று சொல்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது? வந்தது எவ்வளவு நாள் தங்குகிறது?

மணலுக்குள் ஒரு கோயில்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கிளிச்சோழன் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயிலின் வரலாற்றைச் சொல்லும் 'கோயிலொழுகு' தருவதும் ஊரில் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தர்மவர்மா என்ற சோழன் அரங்கனுக்குக் கோயில் கட்டினான். பிறகு காவிரியில் பெருவெள்ளம் வந்து கோயில் மணலில் புதைந்தது. மேலே காடு வளர்ந்தது. கோயில் இருந்த இடமே மறந்துபோனது. பல தலைமுறை கழித்து அதே வம்சத்தில் வந்த ஒரு சோழன் ஒரு மரத்தடியில் இளைப்பாறும்போது, மேலே ஒரு கிளி ஒரு சுலோகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பெருமாள் இங்கேதான் இருக்கிறார் என்பது அதன் பொருள். அரசன் தோண்டச் சொல்கிறான். விமானம் வெளிவருகிறது. அவனுக்குக் கிளிச்சோழன் என்று பெயர் நிலைத்துவிட்டது. கோயிலுக்குள் இன்றும் கிளிமண்டபம் இருக்கிறது.

இதற்கு ஆண்டு குறிக்க முடியாது. கோயிலில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன, பழையவை பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்தவை. கிளி அதற்கெல்லாம் முந்தைய கதை. ஆனால் கதை எங்கே முளைத்தது என்று பாருங்கள். இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஆறு கொண்டுவந்து போட்ட மணலின் மேல் இருக்கிற தீவு. இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீர் நாலு நாளில் வடிந்துவிடும், மணலும் வண்டலும் தங்கிவிடும். அதை அள்ளுவதுதான் பெரிய வேலை. அந்த அனுபவம் உள்ள ஊர்தான் இப்படி ஒரு கதையைச் சொல்ல முடியும்.

கதையில் நான் கவனித்த விஷயம் ஒன்று. பெருமாள் வெள்ளத்தை நிறுத்தவில்லை. அவரும் ஊரோடு சேர்ந்து புதைந்துபோகிறார். ஞாபகப்படுத்த ஒரு கிளியும், தோண்ட ஆட்களும் வந்த பிறகுதான் வெளியே வருகிறார். கிளிக்கு மண்டபம் இருக்கிறது, அரசனுக்குப் பெயர் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் யார் என்று கதை சொல்வதில்லை.

வீட்டுக்கு ஒரு ஆள்

இதை யோசிக்கும்போதே மதுரைக் கதை ஒன்று கூடவே வந்து நின்றது. பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம், கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டு எனக்கு, உன் பங்கு மண் என் தலைக்கு என்று ஒப்பந்தம். ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று பிரம்படி விழ, அந்த அடி எல்லோர் முதுகிலும் படுகிறது.

பக்திக் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்தோம். ஒரு நிர்வாகக் குறிப்பாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது பின்னால்தான். 'வீட்டுக்கு ஒரு ஆள்' என்ற ஏற்பாடு கற்பனை இல்லை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரியும் வாய்க்காலும் கரையும் ஊராரின் பொறுப்பு. தூர் வாருவதும் உடைப்பு அடைப்பதும் ஊர் முறை.

பிரிட்டிஷ் அரசு இதைச் சட்டமாகவே ஆக்கியது. சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் அபாயம் வந்தால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்களைக் கட்டாயமாக அழைக்கலாம், கூலி கொடுக்க வேண்டும். ஆனால் யாரை அழைக்கலாம்? உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை என்று சட்டமே சொல்கிறது. கரை எல்லோருக்கும் பொது, மண் கூடை மட்டும் ஒரு சாராருக்கு. கதையில் வீட்டுக்கு ஒரு ஆள், சட்டத்தில் சில தெருக்களுக்கு மட்டும் ஆள். 'ஊர் கூடிக் கரையை அடைத்தது' என்று எங்கே படித்தாலும் இப்போது நின்று யோசிக்கிறேன், இதில் ஊர் என்பது யார்?

ஒரு நிமிடம் நிலவியல்

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் உள்ள தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். கிழக்கே கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. சும்மா விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும், தஞ்சாவூர் காய்ந்துவிடும். அதனால்தான் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். சாதாரண நாளில் பாசனத்துக்குக் காவிரி, வெள்ள நாளில் மிச்சத்தைக் கொள்ளக் கொள்ளிடம். கொள்ளும் இடம்தான் கொள்ளிடம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லாராய்ச்சி எப்படியோ, பொறியியல் சரியாகத்தான் இருக்கிறது.

1924: பிடி அரிசிப் பானை

என் பாட்டி ஸ்ரீரங்கத்தில் பிறந்து உறையூரில் வாழ்க்கைப்பட்டவர். 1924 வெள்ளம் அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் நேரில் பார்த்த மாதிரியே சொல்லுவார், எல்லாம் அவர் அம்மா சொன்னது. தண்ணீர் திண்ணையின் மூணாவது படிக்கு வந்தது, பாத்திரத்தையெல்லாம் பரணில் கட்டி வைத்தார்கள், அடுப்பு இரண்டு நாள் எரியவில்லை.

அந்த வருஷம் ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கக் கொட்டித் தீர்த்தது. கேரளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால். மூணாறு மூழ்கியது, அங்கே ஓடிக்கொண்டிருந்த மலை ரயில் பாதை அடியோடு போனது. மறுபடி அது வரவே இல்லை. அதே மழை மலையின் இந்தப் பக்கம் இறங்கிக் காவிரியில் வந்தது. மேட்டூர் பகுதியைக் கடந்த அளவு விநாடிக்கு 4.56 லட்சம் கன அடி. திருச்சியும் தஞ்சைக் கழனிகளும் தண்ணீரில் நின்றன.

அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் மேட்டூர் அணையின் வெள்ளப் போக்கி வடிவமைக்கப்பட்டது. 1925இல் வேலை ஆரம்பம், 1934 ஆகஸ்டில் திறப்பு. கொள்ளிடம் இரும்புப் பாலம் வந்ததும் அந்த வெள்ளத்துக்கு நாலு வருஷம் கழித்துத்தான். என் அறிக்கையின் மூன்றாவது கேள்விக்கு 1924 நல்ல பதில் வைத்திருக்கிறது. நினைவு கல்லாகவும் இரும்பாகவும் மாறியது.

ஆனால் எல்லாம் மாறிவிடவில்லை. அதே மழைக்காலத்தில் வைக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 முதல் சத்தியாகிரகம். பெரியார் ஈ.வெ.ரா. அங்கே போய்ச் சிறையில் இருந்தார். வெள்ளம் வைக்கத்தையும் மூழ்கடித்தது. தடுப்பின் முன்னால் தொண்டர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஊரே மூழ்கிக் கிடந்தும் அந்தத் தடுப்பு எடுக்கப்படவில்லை. வெள்ளம் வந்தால் பேதம் கரைந்துவிடும் என்று நாம் சாவகாசமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சி ஞாபகம் வரும்.

பாட்டியின் அம்மா வீட்டில் வெள்ளம் விட்டுப்போனது ஒரு சின்னப் பழக்கம். தினமும் உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவது. ஆடி பிறந்ததும் அந்தப் பானையைக் கையெட்டும் உயரத்தில், தூக்கிக்கொண்டு ஓடத் தோதாக வைப்பது. தை பிறந்ததும் அரிசியை எடுத்துச் செலவழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது. கல்யாணமாகி வந்தபோது பாட்டி அந்தப் பழக்கத்தையும் உறையூருக்குக் கொண்டுவந்தார்.

1977: மாடி வீடு

1977 வெள்ளம் வேறு மாதிரி. இதில் பெரிய காவிரிக்கு முதல் பங்கு இல்லை. நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் அருகே புயல் கரையேறி உள்நாட்டுக்குள் வந்தது. திருச்சிக்குத் தெற்கே பேய் மழை. கோரையாறு மாதிரிச் சின்ன ஆறுகள், வருஷத்தில் பாதி நாள் புல் முளைத்துக் கிடப்பவை, ஒரே ராத்திரியில் பெருகிக் குடமுருட்டி வழியாகக் காவிரிக்குப் போகப் பார்த்தன. போக முடியாமல் ஊருக்குள் புகுந்தன. தண்ணீர் வரும் என்று எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டிருக்க, அது முதுகுப் பக்கமிருந்து வந்தது.

எம்ஜிஆர் முதலமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்தப் புயலில் தமிழகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஆனால் அடுத்த வாரமே, நவம்பர் 19ஆம் தேதி, ஆந்திராவின் திவி சீமையை இன்னொரு புயல் தாக்கிப் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். நாட்டின் கண் அங்கே திரும்பியது. திருச்சி வெள்ளம் திருச்சிக்காரர்களின் ஞாபகமாக மட்டும் சுருங்கிப்போனது.

அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உறையூரில் ஓட்டு வீடு. நடு ராத்திரியில் பாய் நனைந்து எழுந்தாராம். தெருவில் ஒரே ஒரு மாடி வீடு, ஒரு ராவுத்தர் குடும்பத்தினுடையது. அவர்களே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, லாந்தரைப் பிடித்தபடி ஒவ்வொரு வீட்டுப் பெயராகக் கூப்பிட்டார்களாம். மாடியில் ஆறு குடும்பம், இரண்டு ராத்திரி.

பாட்டி ஆசாரம் பார்ப்பவர். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஆனால் ஓடும்போது மறக்காமல் அந்தப் பிடி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் காலையில் மாடியில் இருந்த அரிசி இவருடையது, அடுப்பு அவர்களுடையது. கஞ்சி காய்ச்சியது அந்த வீட்டு அம்மா. பாட்டி என்ன செய்தார் என்று நான் அப்பாவிடம் கேட்டேன்.

"குடிச்சாங்க. எல்லாருக்கும் கடைசியா குடிச்சாங்க. ஆனா குடிச்சாங்க."

கதையை இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் அப்பா நிறுத்தவில்லை. தண்ணீர் வடிந்து, சேறு வாரி, வீட்டைக் கழுவி முடித்ததும் பாட்டியின் ஆசாரம் பழையபடி வந்துவிட்டது. அந்த அம்மா வீட்டுக்கு வந்தால் மறுபடி திண்ணையோடு சரி. வெள்ளம் வடிந்த மாதிரி அதுவும் வடிந்துவிட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் தங்கியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் தட்டு முறுக்கு அந்த வீட்டுக்குப் போகும். ரம்ஜானுக்கு அங்கிருந்து ஒரு படி அரிசி வரும், சமைக்காத அரிசி. பாட்டிக்கு எது ஏற்கும் என்று யோசித்து அனுப்பியது அது. அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகும்வரை பதினெட்டு வருஷம் இது நடந்தது. முறுக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த பையன்களில் நானும் ஒருவன். ஏன் கொடுக்கிறோம் என்று அப்போது தெரியாது.

இதை மத நல்லிணக்கக் கதை என்று பெரிதாக்க எனக்கு மனசில்லை. வெட்கக்கேடு என்று ஒதுக்கவும் மனசில்லை. இரண்டு ராத்திரியில் பொங்கி வந்தது தானாக நிற்கவில்லை. யாரோ வருஷத்துக்கு இரண்டு தடவை கைவேலை செய்ததால், கொஞ்சம் நின்றது.

2018: மூட்டைகள்

2017 ஆடிப்பெருக்கில் காவிரியில் மணல்தான் இருந்தது. மறுவருஷம் ஜூலை 23இல் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் திறந்துவிட்டார்கள். மலையின் அந்தப் பக்கம் கேரளத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெள்ளம். 94 வருஷம் கழித்து மறுபடி அதே ஜோடி. அங்கே கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். தெருவுக்குள் படகு வந்ததைப் பார்த்த ஊர்கள், மீனவர் என்ற சொல்லை அதன் பிறகு வேறு மரியாதையோடு சொல்லின.

இங்கே முக்கொம்பில் மதகுகள் போன இடத்தில், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ராப்பகலாக மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு அடைத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் கைமாற்றிக் கைமாற்றி மூட்டை போனது. காட்டனின் அணைக்கு 180 வருஷத்துக்கு மேல் வயது. கடைசியில் அதை அன்றைக்குக் காப்பாற்றியது வந்தியின் தொழில்நுட்பம்தான், தலையில் மண்.

கொஞ்சம் கிழக்கே, கல்லணை போகும் வழியில் உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள். பெரும்பாலும் வாழைத் தோட்டங்கள். உத்தமர்சீலியில் சாலை ஓரிடத்தில் வேண்டுமென்றே தாழ்வாக இருக்கும், தரைப்பாலம். காவிரியில் ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் அது இந்த இடத்தைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகும். கரை வேறெங்கும் உடையாமல் இருக்க இங்கே ஒரு வாசல். பொறியாளனாக நான் இந்த வடிவமைப்பைப் பாராட்டுவேன். ஆனால் அந்த வாசல் திறக்கும்போதெல்லாம் வாழை நிற்கும் தோட்டங்களில் தண்ணீர் நிற்கும்.

அங்கே ஒரு டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரர் சொன்னார்: "டவுன்ல எல்லாரும் வந்து தண்ணிய பாத்துட்டு போறாங்க சார். எங்க வயக்காடு வாங்கிக்கிட்டதாலதான் அங்க வரலேன்னு யாருக்கும் தோணாது."

எனக்கும் அதுவரை தோன்றியதில்லை. நானும் பாலத்திலிருந்து தண்ணீர் பார்த்துவிட்டு வந்தவன்தான்.

கோயில் எதை ஞாபகம் வைத்திருக்கிறது

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். கற்பூரம் காட்டிய அம்மாவுக்கு நம்பிக்கை வெள்ளத்துக்குப் பிறகு வந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏற்கெனவே இருந்தது. இந்தத் தீவின் வழிபாடு முழுக்கவே ஆற்றோடு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல். ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். ஆடிப்பெருக்கன்று அவளை மசக்கைக்காரியாக நினைத்துச் சித்ரான்னம் படைக்கிறார்கள். தைப்பூசத்தில் சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வந்து அண்ணன் அரங்கனிடமிருந்து சீர் வாங்கிக்கொள்கிறாள். திருவானைக்காவலில் கருவறையிலேயே நீர் ஊறுகிறது, அங்கே அப்புலிங்கம். தண்ணீர் வரும், சில சமயம் அளவுக்கு மீறியும் வரும் என்பது இந்த ஊரின் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

சடங்கு மட்டும் போதுமா? போதாது. கற்பூரம் மதகைத் தாங்காது. ஆனால் கோயிலும் கைவேலையை விட்டுவிடவில்லை. ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கோபுரங்களுக்கு வண்ணம் அடித்ததற்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கோயிலின் பழைய வடிகால் அமைப்பையும் மழைநீர் சேமிப்பையும் மீட்டதும் அதில் ஒரு முக்கியமான பகுதி. பிரகாரத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்க முன்னோர் அமைத்த வழிகள் அடைத்துக் கிடந்தன, அவற்றைத் திறந்தார்கள். கிளிச்சோழன் செய்த வேலையின் சின்னப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல்லைச் சாமிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்தே சொல்கிறோம். குறிப்புகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது அது தற்செயல் என்று தோன்றவில்லை. வெள்ள ராத்திரியில் கதவைத் திறப்பது உலகத்தில் எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்கு ஸ்ரீரங்கம் தேவையில்லை. ஊருக்கு ஊர் வித்தியாசப்படுவது அடுத்த வெள்ளம் வரைக்கும் உள்ள நாட்களில்தான். பிடி அரிசி, முறுக்குத் தட்டு, ஆடிச் சீர், வடிகால் தூர் வாருதல், மேட்டூர் அணை, எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. யார் அதைச் செய்கிறார்கள், யார் தலையில் பாரம் விழுகிறது என்பதில்தான் ஊர் எப்படிப்பட்டது என்று தெரிகிறது.

கடைசியாக என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறையூர்த் தெருவில் ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்னால், தெருக்காரர்கள் சேர்ந்து சாக்கடையிலும் வாய்க்காலோரத்திலும் அடைத்துக் கிடப்பதை எடுப்பது வழக்கம். ஐந்தாறு வருஷமாக என் பங்குக்குப் பெங்களூரிலிருந்து ஐந்நூறு ரூபாய் போனில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த ரூபாயை வாங்கிக்கொண்டு வேலை செய்தவர் யார் என்று கேட்டதே இல்லை. வந்திக்கு அனுப்ப ஆள் இல்லை. எனக்கு ஆள் இருந்தது, நானே இருந்தேன்.

போன புரட்டாசியில் லீவு போட்டுவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னோடு வேலை செய்தவர் தினக்கூலிக்கு வந்த ஒரு பெரியவர். மண்வெட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அவருக்கு 1977 நன்றாக ஞாபகம் இருந்தது. எங்கள் தெரு வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எந்த வீடு கட்டும்போது அதைக் குறுக்கினார்கள், தண்ணீர் முதலில் எந்த வாசலில் ஏறும், எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். சாயங்காலம் வரை கேட்டு எழுதிக்கொண்டேன். அதை ஒரு வரைபடமாக்கித் தெருக்காரர்களிடம் கொடுத்திருக்கிறேன். வர்ற புரட்டாசிக்கு அந்தக் குறுகிய இடத்திலிருந்து ஆரம்பிப்பதாகப் பேச்சு. பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் டிக்கெட் போட்டுவிட்டேன்.